உடைத்தவர் சொல்ல வேண்டும்

எங்கள் ஆய்வுகூடத்தைப் பூட்டியது நீங்கள்தான். பாதுகாப்புக்காகப் பூட்டியதாகச் சொல்கிறீர்கள். அது உண்மை இல்லை. உங்கள் பொறுப்பில் உள்ள பொருட்களில் ஒன்றும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டினீர்கள். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு பிள்ளையைக் காலைப் பிரார்த்தனையில் முழுப் பாடசாலைக்கும் முன்னால் குற்றவாளி ஆக்கிவிட்டுப் போனீர்கள். அந்தப் பிள்ளை இப்போது பௌதிகவியல் வகுப்புக்கு வருவதில்லை.

வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விளக்கம். நான் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், வேலணைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வீடு மண்டைதீவில். காலையில் பஸ் பிடித்துப் போய்ப் பின்னேரம் பஸ் பிடித்து வருகிறவள். நீங்கள், நீங்கள் என்று நான் எழுதுவது கல்வி அலுவலகத்தில் விஞ்ஞானப் பாடங்களுக்குப் பொறுப்பான அதிகாரியை. அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதினால் ஆளோடு சண்டை என்று ஆகிவிடும். எனக்கு ஆளோடு சண்டை இல்லை. அந்தப் பிள்ளை திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

நான் மாற்றலாகி வந்தபோது ஆய்வுகூடம் நன்றாகத்தான் இருந்தது. சுவருக்குப் புதுப் பூச்சு, மேசைகளுக்கு மாபிள், தண்ணீர் வராத குழாய்கள். அலுமாரிகள் நிறைய உபகரணங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தவை. எல்லாம் பொலித்தீனால் சுற்றி நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. சில பெட்டிகளில் கையளித்த நாளில் கட்டிய சிவப்பு றிபன்கூட அவிழ்க்கப்படாமல் இருந்தது.

யாராவது பெரியவர்கள் வந்தால் அந்தப் பெட்டிகளை வெளியே எடுத்து மேசையில் அடுக்குவார்கள். பொலித்தீனோடுதான். வந்தவர்கள் பார்ப்பார்கள், பிள்ளைகளோடு நின்று படம் எடுப்பார்கள், போவார்கள். பிறகு எல்லாம் உள்ளே போகும். பூட்டின் திறப்பு பாடசாலை அதிபரின் சேட்டுப் பொக்கற்றுக்குள் போகும். இது எங்கள் பாடசாலையில் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. நான் முன்பு படிப்பித்த இடங்களிலும் இதைத்தான் பார்த்தேன்.

பொலித்தீனில் சுற்றுவதற்குக் காரணம் உப்புக் காற்று. தீவில் நாங்கள் எதையும் சுற்றி வைப்போம். ரீவி றிமோட்டைச் சுற்றுவோம், கலியாண அல்பத்தைச் சுற்றுவோம். அண்ணை வெளிநாட்டில் இருந்து அனுப்பிய தையல் மெஷினை என் அம்மா பைக்கு மேல் பையாகச் சுற்றி வைத்திருந்தார். ஒரு நாள் ஆசையாக அவிழ்த்துப் பார்த்தால் சில்லுச் சுற்றவில்லை. சுற்றிவிட்டால் உப்பு உள்ளே போகாது என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. கட்டும்போதே உள்ளே அடைபட்டுப்போகும் ஈரக்காற்றை ஒருவரும் யோசிப்பதில்லை. வெளியே வர வழியில்லாமல் அது உள்ளேயே இருந்து இரும்பைத் தின்னும்.

ஆய்வுகூடத்திலும் அதுதான் நடந்தது. முதலில் ஒரு வேணியர் இடுக்கிமானியை அவிழ்த்தேன். அளக்க வேண்டிய பொருளைப் பிடிக்கும் இரண்டு தாடைகளும் ஒன்றோடு ஒன்று துருவால் ஒட்டியிருந்தன. அசைக்க முடியவில்லை. ஒரு பென்சிலைக்கூட அளக்காமல் செத்துப்போன கருவி. தராசின் கத்திமுனை சிவந்துபோய் இருந்தது. ஒரு கம்பியைக் கையில் எடுத்தேன், முறிந்தது.

அந்த இடுக்கிமானியைக் கொண்டுபோய் அதிபரின் மேசையில் வைத்தேன்.

"உது கிடக்கட்டும் ரீச்சர்," என்றார். "எண்ணேக்கை சரியா இருக்கும்தானே."

"எண்ணிறதுக்கு இருக்குது சேர். அளக்கிறதுக்குத்தான் இல்லை."

"அளக்கிறதைப் பற்றி என்னட்டை ஒருத்தரும் கேக்கிறேல்லை ரீச்சர். எத்தினை இருக்கெண்டுதான் கேக்கினம்."

அவர் பொய் சொல்லவில்லை. வருட முடிவில் பொருட்களைப் பார்க்க வருகிறவர்கள் பொருள் இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்ப்பார்கள். துருப்பிடித்த இடுக்கிமானி இருக்கிறது. ஆகவே அது சரி. ஒரு பிள்ளையின் கையில் உடைந்துபோன கண்ணாடிக் குழாய் அலுமாரியில் இல்லை. ஆகவே அது குறை. துருப்பிடித்தால் ஒருவருக்கும் பிழையில்லை, உடைந்தால் ஆசிரியருக்குப் பிழை என்று வைத்திருந்தால் எந்த ஆசிரியர் பெட்டியைத் திறப்பார்? அதிபர் பென்சனுக்குப் போகிற காலத்தில் இருக்கிறவர். குறை ஒன்று வந்தால் தன் பத்திரங்கள் எங்கேயாவது இறுகிவிடும் என்று பயம். நல்ல மனிதர். மழைநாளில் பஸ் வராவிட்டால் பிள்ளைகளைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கி, இரண்டாம் முறையும் வந்து ஏற்றுகிறவர். அவரை நான் திட்டவில்லை. விடாமல் கேட்டேன். கடைசியில் திறப்பைத் தந்தார்.

"உடைஞ்சா நான் உங்களைத்தான் காட்டுவன்," என்றார்.

"காட்டுங்கோ," என்றேன்.

ஆய்வுகூடச் சுவரில் ஏற்கெனவே ஒரு அட்டை தொங்கியது. தொடாதே, ஓடாதே, எடுக்காதே, அனுமதியின்றி உள்ளே வராதே. ஒரு பிள்ளை அங்கே என்ன செய்யலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. நான் அதைக் கழற்றவில்லை. கதவின் உட்பக்கத்தில் என் வகுப்பின் விதிகளைச் சோக்குக்கட்டியால் எழுதினேன்.

கருவியில் கை படாதவருக்குப் பரிசோதனை முடியவில்லை என்று முதலில் எழுதினேன். ஒரு குழுவில் ஒருவர் செய்ய மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றால் பார்த்தவர்கள் திரும்பச் செய்ய வேண்டும். போன் வாளிக்குள் போட வேண்டும், தலைமயிரைக் கட்ட வேண்டும். கண் கண்ட அளவை எழுத வேண்டும். ரியூசன் நோட்டில் இருக்கிற விடையை எழுதினால் முழுவதையும் வெட்டுவேன். எங்கள் பிள்ளைகள் ஊசலைக் கட்டும் முன்பே புவியீர்ப்பின் பெறுமானத்தை எழுதி வைத்துவிட்டு, அதற்கேற்றபடி நேரங்களைப் பின்னால் இருந்து கணக்கிடுவார்கள். அவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு ஊசலையே ஆட்டலாம். பிழையாக வந்தால் பிழையாகவே எழுது, ஏன் பிழைத்தது என்று பிறகு கதைப்போம் என்று எழுதினேன். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துக் காற்றுப்பட வைக்க வேண்டும், சுற்றக் கூடாது என்றும் எழுதினேன்.

கதவின் அடியில் இடம் கொஞ்சம் இருந்தது. அதில் எழுதியது இது: உடைத்தவர் உடனே, எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னவருக்குத் தண்டனை இல்லை.

இதை நல்ல பழக்கத்துக்காக மட்டும் எழுதவில்லை. பயந்த பிள்ளை வெடித்த கண்ணாடி முகவையைத் திருப்பி அலுமாரிக்குள் வைக்கும். அடுத்த கிழமை இன்னொரு பிள்ளையின் கை வெட்டுப்படும்.

முதல் நாள் ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. மேசையைச் சுற்றி நின்றார்கள், கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"என்ன, கோயிலுக்கு வந்தமாதிரி நிக்கிறியள்? எடுங்கோ."

"தொட்டா அதிபர் பேசுவார் ரீச்சர்."

"தொடாட்டி நான் பேசுவன். ஆரின்ர பேச்சு வேணும்?"

சிரித்தார்கள். ஒரு பெடியன் எடுத்தான். அதற்குப் பிறகு பெடியன்கள் எல்லோரும் எடுத்தார்கள், பெட்டைகள் எல்லோரும் பேனையை எடுத்தார்கள். அதுதான் வழக்கம். பெடியன் பிடிப்பான், பெட்டை எழுதுவாள். கேட்டால் அவளுக்குக் கையெழுத்து வடிவு என்பார்கள். ஆகவே அன்றே கதவில் ஒரு வரி கூட்டினேன்: எழுதியவரும் பிடித்தவரும் பாதியில் மாற வேண்டும்.

நான் சொல்ல வந்த பிள்ளை சரவணையில் இருந்து சைக்கிளில் வருகிறவள். வகுப்பிலேயே வடிவான கையெழுத்து அவளுடையது. அதனால் எல்லாக் குழுவுக்கும் எழுத அவள் வேண்டும். மாறச் சொன்னதும் அவள் திருகுக் கணிச்சியைக் கையில் வாங்கினாள். தலைமயிரின் தடிப்பை அளக்கிற கருவி அது.

"எனக்குக் கை நடுங்குது ரீச்சர்."

"நடுங்கட்டும். நடுங்கிற கையாலை அள."

"இவளுக்குக் குடுத்தா இண்டைக்குப் பொழுதுபடும் ரீச்சர்," என்றான் பக்கத்தில் நின்ற பெடியன்.

அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீ இப்ப வாசிச்ச அளவைப் பாத்தா என்ர தலைமயிர் உலக்கைத் தடிப்பு. பேசாமல் நில்."

அன்றைக்கு அவள் மூன்று பேரின் தலைமயிரைப் பிடுங்கி அளந்தாள். நான் நிறுத்தச் சொல்லும்வரை அளந்தாள்.

பிறகு தண்ணீர்ப் பரிசோதனை வந்தது. எங்கள் தீவில் தண்ணீரைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கிணற்று நீர் உவர், குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. வீட்டுக் கிணற்றில் இருந்து ஒரு போத்தல் நீர் கொண்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதை அளக்க ஹெயரின் உபகரணம் என்று ஒன்று இருக்கிறது. மரத்தாங்கி ஒன்றில் இரண்டு நீளமான கண்ணாடிக் குழாய்கள் நிற்கும். மேல் முனைகள் இரண்டும் ஒரு றப்பர் குழாயால் இணைந்திருக்கும். கீழ் முனைகள் இரண்டு முகவைகளில் இருக்கும். ஒன்றில் பவுசர் நீர், மற்றதில் கிணற்று நீர். மேலே காற்றை இழுத்தால் இரண்டிலும் நீர் ஏறும். உப்புக் கூடியது பாரம், அதனால் குறைய ஏறும். எவ்வளவு குறைகிறது என்று அளவுகோலில் பார்த்தால் நீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும்.

"சரவணைத் தண்ணியிலை கஞ்சி காய்ச்சினா உப்புப் போடத் தேவையில்லை ரீச்சர்," என்றான் அதே பெடியன்.

"உங்கட வீட்டுக் கிணத்திலை மீன் பிடிக்கலாமாம்," என்றாள் அவள்.

அவளுக்கு இது விளையாட்டாக இருக்கவில்லை. வீட்டுக் கிணறு வரவர உவர்க்கிறது என்று அவளுடைய தாய் சொல்லிக்கொண்டிருந்தாராம். அக்கம்பக்கத்தார் உமக்கு நாக்குப் பழுது என்றார்களாம். அன்றைக்கு அவளுடைய கிணற்று நீர் பவுசர் நீரை விடச் சில மில்லிமீற்றர்தான் கீழே நின்றது. அவள் குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"அடுத்த கிழமையும் கொண்டு வரட்டே ரீச்சர்?"

"கொண்டு வா."

அடுத்த கிழமையும் கொண்டு வந்தாள். அதற்கடுத்த கிழமையும். கோடை ஏற ஏறக் குழாயில் அந்த நீர் இன்னும் கீழே நின்றது. தாய் சொன்னது நாக்கின் பழுது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மற்றப் பிள்ளைகளும் போத்தல்களோடு வரத் தொடங்கினார்கள். புங்குடுதீவில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போனவள் ஒருத்தி அங்கிருந்தும் ஒரு போத்தல் கொண்டு வந்தாள். நான் இத்தனை வருடம் படிப்பித்ததில் நான் கேட்காமலே பிள்ளைகள் வேலை கொண்டு வந்தது அந்தப் பாடசாலைத் தவணையில்தான்.

போத்தல்கள் கூடியதால் ஒரு உபகரணம் போதவில்லை. இரண்டாவது பெட்டியை அவிழ்த்தோம். அதுவும் பொலித்தீனுக்குள் வருடக்கணக்காகக் கிடந்தது. குழாய்களைக் கழுவ வேண்டும் என்பது விதி. அவள் மேலே இருந்த றப்பர் குழாயைக் கழற்ற முயன்றாள். அது கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. நான் பக்கத்து மேசையில் நின்றேன். ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அவள் கையில் முறிந்த குழாயின் மேல் துண்டு இருந்தது.

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"ரீச்சர், நான் ஒரு குழாய் உடைச்சுப்போட்டன்."

"ஆருக்கும் வெட்டினதே?"

"இல்லை."

"அப்ப கூட்டி அள்ளுங்கோ. பேந்து ஏன் உடைஞ்சதெண்டு பாப்பம்."

பார்த்தோம். முதல் உபகரணத்தின் றப்பர் மெதுவாக வளைந்தது. இதை வளைத்தபோது காய்ந்த முருங்கைக்காய்போல வெடித்தது. உள்ளே கண்ணாடியில் பிசின்போல ஒட்டியிருந்தது. பாவித்த றப்பர் நன்றாக இருக்கிறது, பாவிக்காமல் கட்டி வைத்த றப்பர் செத்துவிட்டது. யார் கழற்றியிருந்தாலும் அந்தக் குழாய் உடைந்திருக்கும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் துண்டை அவள் எறியவில்லை. ஒட்டிய றப்பரோடு யன்னல் ஓரத்தில் வைத்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அதற்குப் பிறகுதான் நீங்கள் மேற்பார்வைக்கு வந்தீர்கள்.

நீங்கள் உள்ளே வந்ததும் கதவின் பின்னால் எழுதியிருந்ததைத்தான் வாசித்தீர்கள். வாசித்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"என்ன ரீச்சர், பிள்ளையளை உடைக்கச் சொல்லி எழுதி வச்சிருக்கிறியள்?"

"உடைச்சாச் சொல்லச் சொல்லி எழுதியிருக்குது சேர்."

"எல்லாம் ஒண்டுதான்." பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பினீர்கள். "என்ன பிள்ளையள், சாமான் எல்லாம் சரியா இருக்குதோ?"

நீங்கள் அதைச் சும்மாதான் கேட்டீர்கள். ஓம் சேர் என்று ஒரே குரலில் சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்துக் கேட்டீர்கள். அதிபரும் அதைத்தான் எதிர்பார்த்தார். அவள் எழும்பினாள்.

"ஒரு குழாய் உடைஞ்சது சேர். நான்தான் உடைச்சனான். அந்த றப்பர்..."

நீங்கள் கையைக் காட்டினீர்கள். இரும் என்றீர்கள். றப்பர் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொல்ல இருந்ததை நீங்கள் கேட்கவில்லை. யன்னல் ஓரத்தில் துண்டு இருந்தது. உங்கள் கைக்கு எட்டுகிற தூரம். அதையும் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்து எண்ணத் தொடங்கினீர்கள்.

அதிபரின் அறையில் தேநீர் குடிக்கும்போது உங்களிடம் எல்லாம் சொன்னேன். இடுக்கிமானியைக் காட்டினேன். நீங்கள் கோபப்படவில்லை, அதை நான் மறைக்கவில்லை. பிளேன்ரீயை மெல்ல உறிஞ்சிக்கொண்டு சொன்னீர்கள்:

"ரீச்சர், நான் படிச்ச பள்ளிக்கூடத்திலை ஆய்வுகூடமே இல்லை. சண்டைக் காலம். ஒரு கருவியையும் கண்ணாலை காணாமல், படத்தைப் பாத்துத்தான் படிச்சனான். கம்பஸ் போய்த்தான் எல்லாத்தையும் முதல் முதல் தொட்டனான். தொடேக்கை எனக்குக் கை நடுங்கினது. உதுகளைக் காணேக்கை எனக்கு ஒண்டும் உடையக்கூடாதெண்டுதான் வருது."

அப்போது எனக்கு உங்கள்மீது இரக்கம் வந்தது. இப்போதும் இருக்கிறது. கிடைக்காமல் இருந்த ஒன்று கிடைத்துவிட்டால் அதைப் பூட்டி வைக்கத்தான் மனம் சொல்லும். என் அம்மா தையல் மெஷினுக்குச் செய்ததும் அதுதான். ஆனால் உங்களுக்கு நடுங்கிய கைதான் அந்தப் பிள்ளைக்கும் நடுங்கியது. உங்களுக்குப் பல்கலைக்கழகம் இருந்தது. அவளுக்கு இந்த அறை மட்டும்தான். அவளை யாழ்ப்பாணத்தில் விட்டுப் படிப்பிக்க வீட்டில் வசதி இல்லை.

இதை நான் அன்றே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். கேட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலைப் பிரார்த்தனைக்கு வந்து ஒலிவாங்கியைப் பிடித்தீர்கள். பிள்ளையளே, வெளிநாட்டிலை குளிருக்கை நிண்டு உழைச்சு அனுப்பின பொருளுகள், ஒரு பிள்ளையின்ர கவலையீனத்தாலை இண்டைக்கு முழுப் பாடசாலைக்கும் ஆய்வுகூடம் பூட்டவேண்டி வந்திட்டுது என்றீர்கள். பெயர் சொல்லவில்லை. எங்கள் பாடசாலையில் பெயர் சொல்லத் தேவையில்லை. முதலாம் வகுப்பில் இருந்து எல்லாத் தலையும் அவள் நின்ற வரிசைப் பக்கம் திரும்பியது.

நான் ஆசிரியர்கள் நின்ற இடத்தில் இருந்து, "அந்தப் பிள்ளை சொன்னதை முழுக்கக் கேளுங்கோ சேர்," என்றேன். உங்களுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தீர்கள். பாடசாலைக் கீதத்தைப் போடச் சொன்னீர்கள்.

அன்றைக்கே புதுப் பூட்டு வந்தது. இப்போது ஹெயரின் உபகரணத்தைக் கரும்பலகையில் கீறிப் படிப்பிக்கிறேன். நேராகக் கீறுகிறேன், வடிவாகக் கீறுகிறேன். அதில் தண்ணீர் ஏறாது.

அவள் இரண்டு நாள் வரவில்லை. பிறகு வந்தாள், கலைப் பிரிவு வகுப்பில் போய் இருந்தாள். தவணை முடிய முன்பு பாடப்பிரிவு மாறலாம் என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவளுடைய தாய் அதற்காக என்னிடம் வந்தார். வந்தவருக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"அவளைக் கலைக்கு மாத்திவிடுங்கோ ரீச்சர்."

"நீங்கள் சொல்லுறியளோ, அவள் சொல்லுறாளோ?"

"அவள்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எல்லாம் என்னாலைதான் பூட்டினதெண்டு சொல்லுதுகளாம். தம்பிக்காரனையும் ஆறாம் வகுப்பிலை நக்கலடிக்கிறாங்களாம், உன்ர அக்கா கைபட்டா எல்லாம் உடையுமாமெண்டு." பாடப்பிரிவு மாறும் பத்திரத்தை என் மேசையில் வைத்தார். "எனக்கொண்டு விளங்கேல்லை ரீச்சர். இவள் என்ர குசினியிலை உடைக்காத கிளாஸ் இல்லை. நான் குசினியைப் பூட்டினனானே? பூட்டினா ஆர் சமைக்கிறது?"

பத்திரத்தைத் தவணை முடியும்வரை என்னிடம் வைத்திருக்கவா என்று கேட்டேன். வைத்திருங்கோ, ஆனா அவளோடை கதையுங்கோ என்றார். போகும்போது, கிணறு இப்போது இன்னும் உவர்க்கிறது, அளந்து பார்க்க ஆளில்லை என்றும் சொன்னார்.

கதைத்தேன். பாடசாலை விட்ட பிறகு சைக்கிள் கொட்டிலில் நின்றாள். அழவில்லை. சைக்கிள் பூட்டைத் திறக்கிறமாதிரி நின்றாள்.

"நான் சொல்லாமல் விட்டிருந்தா அறை திறந்துதான் இருந்திருக்கும் ரீச்சர்."

"நீ சொன்னது சரி."

"சரியெண்டு நீங்கள்தான் சொல்லுறியள்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "கதவிலை எழுதினது நீங்கள். தண்டனை இல்லையெண்டும் எழுதியிருந்தது."

"ஓம்."

"அந்தச் சேர் வந்து, அது என்ர பிழை இல்லையெண்டு சொன்னா நான் வருவன். உங்களட்டை மட்டும் சொல்லி வேலையில்லை. எல்லாருக்கும் முன்னாலை சொல்லோணும். அவர் எல்லாருக்கும் முன்னாலைதானே சொன்னவர்."

அதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள்மீது இல்லை. அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

நான் அதிபரிடம் போனேன். அவர் திறப்பை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். "எனக்கும் திறக்கத்தான் விருப்பம் ரீச்சர். பூட்டினவர் வாயாலை ஒரு சொல் வரட்டும், அண்டைக்கே திறக்கிறன்," என்றார். அவர் சொன்னபடி செய்வார். பிறகு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்றார்கள். திரும்பவும் வந்தேன். வெளிக்கள வேலை என்றார்கள். மூன்றாம் முறை உங்கள் வாகனம் வாசலில் நின்றது, நீங்கள் இல்லை என்றார்கள். ஆகவேதான் இதை எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அந்த முறிந்த துண்டு என்னிடம் இருக்கிறது. பூட்ட வருவதற்கு முன்பு யன்னல் ஓரத்தில் இருந்து எடுத்து வைத்தேன். றப்பர் இன்னும் ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். பௌதிகவியல் படித்த உங்களுக்கு அதைப் பார்த்த உடனே தெரியும்.

என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். எனக்குப் புதுக் குழாயும் வேண்டாம். தவணை முடிய முன்பு ஒரு காலைப் பிரார்த்தனைக்கு வாருங்கள். அன்று நின்ற அதே இடத்தில் நில்லுங்கள், அதே ஒலிவாங்கியைப் பிடியுங்கள். நான் துண்டைக் கொண்டு வருகிறேன். அந்தப் பிள்ளை றப்பர் என்ற சொல்லில் நிறுத்திய வசனத்தை முடிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். கேட்ட பிறகு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிறமாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

அந்தக் குழாயை உடைத்தது யார்?